எம்.டெக் ஹைட்ராலஜியா, வாட்டர் மேனேஜ்மெண்ட்டா? நம்ம பக்கத்துப் பிள்ளைக எதப் படிக்கலாம்?

கன்னடியன்கால்:
அண்ணாச்சிமாரே, அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம். நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கம், சிவில் கடைசி வருஷம் படிக்கேன். கூடப் படிக்கிற பயலுவ எல்லாம் ஸ்ட்ரக்சுரல், கன்ஸ்ட்ரக்சன் மேனேஜ்மெண்ட், இல்லன்னா ஐடினு கெளம்புதானுவ. எனக்கு ஹைட்ராலஜி பேப்பர் வந்த செமஸ்டர்லேர்ந்து மனசு அதுலயே நிக்கி, 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பெறவு இன்னும் கூடிப்போச்சு. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழைனு பேப்பர்ல போட்டிருந்தான், அந்தத் தண்ணி எங்க போகும் எப்படிப் போகும்னு யாராவது முன்னக்கூட்டியே கணக்குப் போட்டிருப்பாங்களானு யோசிச்சுக்கிட்டே இருந்தேன்.

கேள்வி இதான். ஹைட்ராலஜினு ஒரு எம்.டெக் இருக்கு, வாட்டர் ரிசோர்சஸ் மேனேஜ்மெண்ட்னு ஒண்ணு இருக்கு, இரிகேஷன் வாட்டர் மேனேஜ்மெண்ட்னு ஒண்ணு இருக்கு. எது எதுக்கு? எங்க படிக்கலாம்? வெளிநாடு போனாத்தான் மதிப்பா? அப்பா வேற "வீடு கட்டத் தெரிஞ்சவனுக்கு ஊரெல்லாம் வேலை, தண்ணியப் படிச்சவனுக்கு யாரு சம்பளம் குடுப்பா"ங்காவ. அதுக்கும் ஒரு பதில் வேணும்.

பேட்டை ராஜா:
எம்.டெக் சேரதுக்கு உள்ள கேட் பரீட்சை எழுதிட்டியா தம்பி? அதச் சொல்லு மொதல்ல.

கன்னடியன்கால்:
வார பிப்ரவரி எழுதப்போறேன் அண்ணாச்சி. சிவில் பேப்பர்.

பழைய ரூர்க்கி:
தம்பி, நான் வடக்க ரூர்க்கி ஐஐடில ஹைட்ராலஜி எம்.டெக் முடிச்சவன், சொந்த ஊரு சேரன்மாதேவி. கொஞ்சம் நீளமாவே சொல்லுதேன், பொறுமையாப் படி.

ஹைட்ராலஜிக்கும் மேனேஜ்மெண்ட்டுக்கும் உள்ள வித்தியாசத்த நம்ம தாமிரபரணி ஆத்த வச்சே சொல்லிரலாம். மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்குல மழை பெய்யுது, அது எவ்வளவு, அதுல எவ்வளவு மண்ணுக்குள்ள போச்சு, எவ்வளவு ஆவியாச்சு, மிச்சம் எத்தன மணிநேரத்துல மணிமுத்தாறு அணைக்கு வந்து சேரும், இதக் கண்டுபிடிக்கது ஹைட்ராலஜி. வந்த தண்ணிய ஜூன்ல தொடங்குத கார் பருவத்து நெல்லுக்கு எவ்வளவு விடணும், அக்டோபர்ல தொடங்குத பிசானத்துக்கு எவ்வளவு நிறுத்தி வைக்கணும், தூத்துக்குடிக்குக் குடிக்க எவ்வளவு, மேல உள்ள கால்வாய்க்கு எத்தன நாளு கீழ உள்ள கால்வாய்க்கு எத்தன நாளு, இது மேனேஜ்மெண்ட். மொதல்ல உள்ளது தெரியாம ரெண்டாவது பண்ணுனா வெறும் குத்துமதிப்பு, ரெண்டாவதப் பத்தி கவலையே இல்லாம மொதல்ல உள்ளத மட்டும் பண்ணுனா பேப்பர் வெளியாகும், ஆத்துக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. அதனால எதப் படிச்சாலும் மத்தத கையோட எலக்டிவா எடுத்துரு.

ரூர்க்கில ஹைட்ராலஜிக்கு 1972லேர்ந்தே தனி டிபார்ட்மெண்ட் இருக்கு, யுனெஸ்கோ உதவியோட ஆரம்பிச்சது. அதே கேம்பஸ்ல வாட்டர் ரிசோர்சஸ் டெவலப்மெண்ட் அண்ட் மேனேஜ்மெண்ட்னு இன்னொரு டிபார்ட்மெண்ட், அது 1955லேர்ந்து, ஆசியா ஆப்பிரிக்கா இன்ஜினியர்மாரு எல்லாம் வந்து படிச்ச எடம். தேசிய நீரியல் நிறுவனமும் அந்த ஊருலதான், 1978லேர்ந்து. ஒரே ஊருல மூணும் இருக்கதால சாயங்காலம் டீக்கடைல நிக்க ஆளுவ பாதிப்பேரு தண்ணிக்காரங்களாத்தான் இருப்பாங்க, வகுப்புல கத்துக்கிட்டதுக்குச் சமமா அங்கன கத்துக்கிட்டேன்.

வடக்க போக மனசு இல்லன்னா கிண்டில அண்ணா யுனிவர்சிட்டி. சிவில் பக்கம் ஹைட்ராலஜி அண்ட் வாட்டர் ரிசோர்சஸ் இன்ஜினியரிங், சென்டர் ஃபார் வாட்டர் ரிசோர்சஸ்ல இரிகேஷன் வாட்டர் மேனேஜ்மெண்ட். கேட் இல்லன்னாலும் சீட்டா பிஜினு உள்ள நுழைவுத் தேர்வு எழுதி சேரலாம். ஐஐடி மெட்ராஸ், பெங்களூர் ஐஐஎஸ்சி, வாரங்கல் என்ஐடி, சூரத்கல் என்ஐடி எல்லாத்துலயும் தண்ணிப் பக்கம் ஆளுவ நல்லா இருக்காங்க. கேட் ஸ்கோரோட ஐஐடி என்ஐடில சேந்தா மாசம் 12,400 ரூவா உதவித்தொகை, ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போதும், வீட்ல கையேந்த வேண்டாம். இத உங்க அப்பாகிட்ட மொதல்ல சொல்லு.

ஆனா ஒண்ணு. காலேஜ் பேர வச்சு எடுக்காத. எந்தக் கேள்விக்கு விடை தேடப்போறனு தெரிஞ்சுக்கிட்டு, அந்தக் கேள்வில வேலை பாக்க ப்ரொஃபசர் எங்க இருக்காருனு பாத்து அங்க போ. இதச் சொல்ல நெறைய பேருக்கு வாய் வராது.

வடகால் சம்சாரி:
எல்லாரும் படிங்க, நல்லது. நான் ஸ்ரீவைகுண்டம் வடகால் பாசனத்துல கடைமடை. வருசா வருசம் யாராவது பிள்ளைக ஃபாரத்த தூக்கிட்டு வந்து உங்களுக்குத் தண்ணி போதுமா, எத்தன ஏக்கர், எத்தன மாடுனு கேட்டு எழுதிட்டுப் போவாவ. அதுக்குப் பெறவு அந்தப் பிள்ளைகளயும் பாக்கல, அந்தக் காகிதத்தயும் பாக்கல. எங்க தண்ணி எங்க போச்சுங்கது மட்டும் இன்னிவரைக்கும் யாரும் சொல்லல. அணைல இருப்பு கொறஞ்சா கார் சாகுபடிக்குத் தண்ணி மேல உள்ள கால்களோட நின்னுபோகும். பிசானத்துக்கு வரும், ஆனா கடைசில உள்ள குளத்துக்கு வந்து சேரதுக்குள்ள நாத்து முத்திப்போகும். படிக்கிற பிள்ளை இதப் படிக்குமா?

பழைய ரூர்க்கி:
அண்ணாச்சி, நீங்க கேக்கது ரொம்ப நியாயமான கேள்வி. படிச்சுட்டு வந்து சொல்லாமப் போறது பெரிய தப்புதான். ஆராய்ச்சி முடிஞ்சா அந்த ஊருலயே உக்காந்து தமிழ்ல சொல்லணும்னு எல்லா டிபார்ட்மெண்ட்லயும் கட்டாயம் ஆக்கணும்.

ஓய்வு ஏஇஇ:
நான் இந்த வடிநிலத்துல ரொம்ப வருசம் இருந்தவன், இப்ப ரிட்டயர்டு. தம்பிக்கு ரெண்டு வார்த்த.

எட்டு அணைக்கட்டு, பதினொரு கால்வாய், மேலேர்ந்து கீழ மனப்பாடமா தெரியணும்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியா ஸ்ரீவைகுண்டம். மத்ததெல்லாம் பழைய காலத்து அணைக்கட்டு, ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளக்காரன் 1869ல ஆரம்பிச்சு 1873ல முடிச்சது. ரூர்க்கி தம்பி படிச்ச கம்ப்யூட்டர் மாடல் எல்லாம் வேணும்தான், நான் வேண்டாங்கல. ஆனா ஷட்டர் எத்தன அங்குலம் தூக்குனா எத்தன கன அடி போகும்னு கைல தெரியாதவன் கம்ப்யூட்டர்ல என்ன போட்டாலும் அது காகிதக் கணக்குதான். இப்ப வார பிள்ளைக மதகக் கண்ணால பாக்காமலே தீசிஸ் முடிச்சிருதாங்க.

இன்னொண்ணு, 1992 நவம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரையும் சேத்து ஒரு பிள்ளை ஒழுங்காப் படிச்சா அது நம்ம ஊருக்குப் பெரிய உபகாரம். 2023ல ஊர்ல பேசிக்கிட்டது எல்லாம் "அணையத் தொறந்து விட்டுட்டானுவ"னுதான். அணையில திறந்தது உண்டு. ஆனா அணைக்குக் கீழ பெஞ்சது எவ்வளவுனு யாரும் கேக்கல.

கன்னடியன்கால்:
அய்யா, அணைக்குக் கீழனா எப்படி? தண்ணி எல்லாம் மலையிலேர்ந்துதான வருது?

ஓய்வு ஏஇஇ:
இல்ல தம்பி. பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு இதெல்லாம் மலையோட வாசல்ல நிக்கி. அதுக்குக் கீழ கடனா நதி வந்து சேருது, பச்சையாறு சேருது, சீவலப்பேரில சித்தாறு சேருது. குத்தாலத்துலேர்ந்து வார சித்தாத்து வெள்ளத்தப் பிடிச்சு வைக்க பாபநாசம் அளவுக்கு அணை அங்கன கிடையாது. வடகிழக்குப் பருவமழை கெழக்க சமவெளில கொட்டுச்சுன்னா அந்தத் தண்ணிய எந்த ஷட்டரும் தடுக்காது.

பழைய ரூர்க்கி:
அய்யா சொன்னதுக்கு ஒரு சின்ன கணக்கு, பேப்பர் பேனா எடு தம்பி. ஒரு சதுர கிலோமீட்டர் மேல 95 சென்டிமீட்டர் மழை பெஞ்சா அது 9,50,000 கன மீட்டர், ஏறக்குறைய 33.5 மில்லியன் கன அடி. பாபநாசம் அணை 143 அடி முழுசா நெறைஞ்சா சுமார் 5,500 மில்லியன் கன அடி. வகுத்துப் பாரு, 165 சதுர கிலோமீட்டர் மேல அந்த மழை பெஞ்சா ஒரு பாபநாசம் அணைத் தண்ணி. அந்த அளவு மழை ஒரு எடத்துலதான் பதிவாச்சு, சுத்துவட்டாரம் முழுக்க அதே அளவு இல்ல, திருச்செந்தூர்ல 69, ஸ்ரீவைகுண்டத்துல 62னு கொறையுது, ஆனாலும் கணக்கு எந்தப் பக்கம் சாயுதுனு புரியும்லா? இதுல எவ்வளவு மண்ணு குடிச்சுது, எவ்வளவு குளத்துல நின்னுது, எவ்வளவு ஓடுச்சுனு பிரிக்கது அடுத்த வேலை. அந்த வேலைக்குத்தான் ரெண்டு வருஷ எம்.டெக்.

அதோட இதையும் வச்சுக்க. ஆத்துல விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடுனா 1 டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி. டிவில "இத்தன ஆயிரம் கன அடி"னு சொன்னா ஒடனே மனசுல டிஎம்சியா மாத்திப் பாரு, செய்தி சொல்லாத விஷயம் தெரியும்.

தேரிக்காட்டு ஜியாலஜி:
எல்லாரும் ஆத்தப் பத்தியே பேசுதீங்க, நிலத்தடி நீர் யாருக்கும் ஞாபகம் வரல! நான் சாத்தான்குளத்துக்காரி, தூத்துக்குடி வ.உ.சி. காலேஜ்ல ஜியாலஜி படிச்சேன், இப்ப நிலத்தடி நீர் வேலைலதான் இருக்கேன். தம்பி, ஆத்துப்பாசனம் இல்லாத ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி பக்கம் சனங்களுக்குக் கெணறும் போரும்தான் ஆறு.

ஆயன்குளம் கெணறு கேள்விப்பட்டிருப்ப. 2021 மழைக்கு உபரித் தண்ணிய அந்தக் கெணத்துக்குள்ள திருப்பி விட்டாங்க, வாரக்கணக்கா உள்ள போய்க்கிட்டே இருந்துச்சு, நெறையவே இல்ல. ஊரெல்லாம் அதிசயக் கெணறுனு பாக்க வந்தாங்க. ஐஐடி மெட்ராஸ்லேர்ந்து ஆளுவ வந்து ஆராய்ஞ்சு பாத்தாங்க, கீழ சுண்ணாம்புப் பாறை, அது தண்ணில கரைஞ்சு கரைஞ்சு குகை மாதிரி வழி உண்டாயிருக்கு, அது வழியாத் தண்ணி தூரமா ஓடிருது. இது ஜியாலஜி தெரிஞ்சாத்தான் புரியும். ஆனா இதப் பாத்துட்டு எல்லாக் கெணத்துலயும் வெள்ளத்தத் திருப்பி விட்டா என்னாகும்? சாக்கடையும் உரத்தண்ணியும் மண்ணு வடிகட்டாம நேரா குடிதண்ணிக்குள்ள போயிரும். மணல்ல மெதுவா எறங்குத தண்ணி சுத்தமாகும், குகைல ஓடுத தண்ணி அப்படியேதான் போகும். அதையும் சேத்துப் படிக்கணும்.

கடல் ஓரத்துல இன்னொரு கணக்கு. கடல் மட்டத்துக்கு மேல நல்ல தண்ணி ஒரு மீட்டர் நின்னா, கீழ சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு உப்புத்தண்ணிய அது அழுத்திப் பிடிச்சு வச்சிருக்கும். மேல ஒரு மீட்டர் உறிஞ்சி எடுத்தா கீழ உப்பு மேல வர வழி ஆயிருது. நல்லா இருந்த போர்ல திடீர்னு உப்பு வந்துட்டுனு ஏன் சொல்லுதாங்கங்கதுக்கு இதான் காரணம், ஒரு தடவ உப்பு ஏறிட்டா அது எறங்க ரொம்ப காலம் ஆகும்.

வேலைனு கேட்டா, எம்எஸ்சி ஜியாலஜி முடிச்சவங்க யுபிஎஸ்சி கம்பைண்ட் ஜியோ சயின்டிஸ்ட் எழுதி மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்குப் போகலாம். சிவில்காரனுக்கு அந்த வழி இல்ல தம்பி, இத முன்னாலயே தெரிஞ்சுக்க. உனக்கு மத்திய நீர் ஆணையம்னா இன்ஜினியரிங் சர்வீசஸ் எக்ஸாம்.

பேட்டை ராஜா:
வேலை பத்தி வெளிப்படையாப் பேசுவோம். டிஎன்பிஎஸ்சில ஏஇ, அதாவது உதவிப் பொறியாளர் போஸ்டுக்கு பி.இ. சிவிலே போதும், எம்.டெக் கேக்க மாட்டான். 2021ல நீர்வளத்துறைய பொதுப்பணித்துறையிலேர்ந்து தனியாப் பிரிச்சாச்சு, அங்க போகணும்னாலும் அதே பரீட்சைதான். எங்க வீட்டுப் பையன் ஒருத்தன் எம்.டெக் முடிச்சுட்டு வந்து அதே ஏஇக்குப் படிச்சுக்கிட்டு இருக்கான், ரெண்டு வருஷம் போச்சேனு வீட்ல வருத்தம். அதனால அரசாங்க வேலை ஒண்ணுதான் குறினா நேரா பரீட்சைக்குப் படி.

பழைய ரூர்க்கி:
ராஜா அண்ணாச்சி சொல்லுதது சரிதான், ஏஇ மட்டும்தான் குறினா எம்.டெக் தேவையில்ல. ஆனா வேலை அது ஒண்ணுதான்னு நெனைக்காண்டாம். அணைப் பாதுகாப்பு, வெள்ள வரைபடம், நகரத்து மழைநீர் வடிகால், காலநிலைத் திட்டம், இதுக்கெல்லாம் கன்சல்டன்சிகள்ல ஆள் எடுக்காங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வெள்ள நஷ்டக் கணக்குப் போடுத வேலை கூட இருக்கு. அங்கல்லாம் எம்.டெக்கும் அதோட நீ கையால பண்ணுன வேலையும் பாப்பாங்க. வெள்ளம், நிலத்தடி நீர், வரைபடம்னு கணக்குப் போடுத ஹெச்இசி ராஸ், ஹெச்இசி ஹெச்எம்எஸ், ஸ்வாட், மாட்ஃப்ளோ, கியூஜிஐஎஸ் சாஃப்ட்வேர் எல்லாமே இலவசம்தான், லேப்டாப் இருந்தாப் போதும். பைத்தான் கத்துக்க, கட்டாயம். எக்ஸல்ல நாப்பது வருஷ தினசரி மழையத் தள்ளிக்கிட்டு உக்காந்தா வயசு போயிரும்.

பத்தமடைக்காரி:
வெளிநாடு பத்தி நான் சொல்லுதேன், நான் நெதர்லாந்து டெல்ஃப்ட்ல ஐஹெச்இல படிச்சேன். 1957லேர்ந்து இருக்க எடம், தண்ணி மட்டும்தான் படிப்பு. என்னோட வகுப்புல எத்தியோப்பியா, வங்கதேசம், கொலம்பியாலேர்ந்து எல்லாம் அரசாங்க இன்ஜினியர்மாரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஆறு, ஒரு சண்டை. மேல மடைக்கும் கீழ மடைக்கும் உள்ள தகராறு நம்ம ஊருல மட்டும்னு நெனச்சுக்கிட்டு போனேன், உலகம் பூராவும் அதான்.

செலவு பெரிசு, ஸ்காலர்ஷிப் இல்லாமப் போகாத. ரோட்டரி ஃபவுண்டேஷன் ஐஹெச்இ படிப்புக்குனே உதவித்தொகை குடுத்திருக்கு, இப்பவும் உண்டானு உங்க பக்கத்து ரோட்டரி கிளப்ல போய்க் கேளு. எராஸ்மஸ் முண்டுஸ்ல ஃபிளட் ரிஸ்க் மேனேஜ்மெண்ட்னு ஒரு படிப்பு, நிலத்தடி நீருக்கு கிரவுண்ட்வாட்ச்னு ஒண்ணு, கிடைச்சா மூணு நாலு நாடு சுத்திப் படிக்கலாம். ஜெர்மனில ட்ரெஸ்டன், ஸ்டுட்கார்ட் ரெண்டுலயும் இங்கிலீஷ்லயே தண்ணிப் படிப்பு இருக்கு. ஸ்டுட்கார்ட் இருக்க மாநிலத்துல 2017லேர்ந்து நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ ஃபீஸ். அதுபோக விசாவுக்கு ப்ளாக்ட் அக்கவுண்ட்ல, அதாவது அங்க சாப்பாட்டுச் செலவுக்குனு முடக்கி வைக்குத கணக்குல, வருஷத்துக்கு 11,904 யூரோ காட்டணும், 2024 செப்டம்பர்லேர்ந்து அந்த அளவு. நிலத்த வித்து அத எடுக்கணும்னா வேண்டாம்னுதான் சொல்லுவேன்.

ஆனா வெளிநாட்டுல எனக்குக் கிடைச்ச பெரிய விஷயம் மாடல் இல்ல. எந்த முடிவுலயும் யாரு லாபம் அடையுதா யாரு இழக்கானு எழுதிவைக்கச் சொல்லுவாங்க. அணைல நூறு நாள் தண்ணினு ஒரு முடிவு எடுத்தா மொதல் கால்வாய்க்காரனுக்கு என்ன, கடைசிக் குளத்துக்காரனுக்கு என்ன, மீனுக்கு என்ன, புன்னக்காயல் முகத்துவாரத்துக்கு என்ன, எல்லாம் ஒரே டேபிள்ல இருக்கணும். வடகால் அண்ணாச்சி கேட்ட கேள்வி அந்த டேபிள்ல மொத வரில வரவேண்டிய கேள்வி.

கன்னடியன்கால்:
அக்கா, அண்ணாச்சி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அப்போ கேள்வி மொதல்ல, காலேஜ் பெறகு, இது புரியுது. ஆனா கேள்விய எப்படிக் கண்டுபிடிக்க? என் ப்ராஜெக்டுக்கு "தாமிரபரணியில் வெள்ளம்"னு தலைப்பு போட்டு குடுத்தேன், சார் அது ரொம்ப பெரிசுங்காரு.

பழைய ரூர்க்கி:
உங்க சார் சொல்லுதது சரி. சின்னதாக்கு. சீவலப்பேரில சித்தாறு சேந்த பெறவு ஆத்துல வெள்ளம் எவ்வளவு கூடும், எத்தன மணிநேரம் கழிச்சுக் கூடும், இது ஒரு கேள்வி. இதுக்கு பதில் தெரிஞ்சா ஸ்ரீவைகுண்டத்துக்காரங்கள எத்தன மணிநேரம் முன்ன எச்சரிக்கலாம்ங்கது தெரியும். 2023ல ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல ரயிலு பயணிகளோட மாட்டிக்கிட்டு நின்னத எல்லாரும் பாத்தோம்.

டேட்டா எங்க கிடைக்கும்னு அடுத்துக் கேப்ப. மத்திய அரசோட இந்தியா விரிஸ் (India-WRIS) போர்ட்டல்ல நீர்மட்டம், மழை கிடைக்கும். வானிலைத் துறையோட கட்டம் கட்டமா உள்ள மழை டேட்டா இலவசமா எடுக்கலாம், 0.25 டிகிரி கட்டம், நம்ம அட்சரேகைல அது ஒரு பக்கம் 27, 28 கிலோமீட்டர். இங்கதான் கவனமா இருக்கணும். ஒரே கட்டத்துக்குள்ள ஊத்து, நாலுமுக்கு மலையும் வரும் அம்பாசமுத்திரம் சமவெளியும் வரும். ஜூன் ஜூலைல மேல பேய் மழை பெய்யும்போது கீழ வெயிலடிக்கும், மழை மறைவுப் பகுதி. கட்டத்துக்கு ஒரே நம்பர் போட்டா மலைக்கு மழை கொறையும், சமவெளிக்குக் கூடும், ரெண்டும் பொய். அதனால மலைல உள்ள மழைமானிப் பதிவுகள வச்சு அதத் திருத்தணும். இந்தத் திருத்தத்தயே ஒரு நல்ல எம்.டெக் தீசிஸா எழுதலாம்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

ஓய்வு ஏஇஇ:
அதோட ரேட்டிங் கர்வ் ஒண்ணு இருக்கு, மறந்துராத. வெள்ள நேரத்துல யாரும் ஆத்துக்குள்ள எறங்கி வேகத்த அளக்க முடியாது. அளவுகோல்ல மட்டத்த மட்டும் பாப்போம், அந்த மட்டத்துக்கு இத்தன கன அடினு முன்னால போட்டு வச்ச வளைகோட்டுல பாத்து சொல்லுவோம். அந்தக் கோடு சின்ன, நடுத்தர வெள்ளத்துல அளந்து போட்டது, பெரிய வெள்ளத்துக்கு அத நீட்டி வரைஞ்சுருக்கும். மணல் அள்ளி ஆத்தோட அடி மாறிட்டா பழைய கோடு செல்லாது. அதனால பெரிய வெள்ளத்துக்கு டிவில சொல்லுத நம்பர் எல்லாம் மதிப்பீடுதான், அளந்தது இல்ல. படிக்கிற பிள்ளை அந்த நம்பர அப்படியே எடுத்து மாடலுக்குள்ள போட்டுறக் கூடாது.

தேரிக்காட்டு ஜியாலஜி:
இன்னொண்ணு, நூறு வருஷத்துல ஒரு வெள்ளம்னு சொன்னா இனி நூறு வருஷத்துக்கு வராதுனு சனங்க நெனச்சுருதாங்க. அதுக்கு அர்த்தம் ஒவ்வொரு வருஷமும் நூத்துல ஒரு பங்கு வாய்ப்புனு. ஒரு வீடு முப்பது வருஷம் நிக்கும்னா அந்த முப்பது வருஷத்துக்குள்ள ஒரு தடவையாவது வர வாய்ப்பு 26 சதவீதம். நாலு வீட்டுக்கு ஒரு வீட்டுக்காரன் பாப்பான்னு சொல்லுத அளவு. இதத் தெளிவாச் சொல்ல ஆள் வேணும், இல்லன்னா குளத்துக்குள்ள பிளாட் போட்டு வித்துக்கிட்டே இருப்பாங்க.

பேட்டை ராஜா:
வெள்ளநீர் கால்வாய் பத்தி யாரும் சொல்லலியே. தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்பு. வெள்ளாங்குழிலேர்ந்து எம்.எல். தேரிங்க செம்மணல் காடு வரைக்கும். அதுல தண்ணிய விட்டா கடலுக்குப் போற தண்ணி எல்லாம் சாத்தான்குளம் பக்கம் போயிரும்லா?

பழைய ரூர்க்கி:
எல்லாம் போகாது அண்ணாச்சி. கால்வாயோட அகலம் ஆழம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான், பெரிய வெள்ளத்துல அது ஒரு சின்னப் பங்குதான். ஆனா நடுத்தரமா வெள்ளம் வார வருஷங்கள்ல தேரி மணல்ல எறங்குத தண்ணி அந்தப் பக்கத்து நிலத்தடி நீருக்கு ரொம்ப நல்லது. இது வெள்ளத்தத் தடுக்கும்னு சொல்லுததுக்கும் வறட்சிக்கு உதவும்னு சொல்லுததுக்கும் பெரிய வித்தியாசம், ரெண்டாவதத்தான் நான் நம்புதேன்.

தேரிக்காட்டு ஜியாலஜி:
நானும் அதத்தான் சொல்லுவேன். 1856ல டார்சினு ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் மணல் நெரப்புன குழாயில தண்ணிய விட்டு அளந்து கண்டுபிடிச்ச விதியே எங்க தேரிக்கும் பொருந்தும், மணல் எவ்வளவு வேகத்துல குடிக்கும்னு அளந்துட்டுத்தான் எவ்வளவு தண்ணி விடலாம்னு முடிவு பண்ணணும். யாராவது ஒரு பிள்ளை எம்.எல். தேரில அத அளந்தா நான் கூடவே வந்து நிப்பேன்.

வடகால் சம்சாரி:
நீங்க எல்லாரும் பேசுததப் படிச்சேன், பாதி புரிஞ்சுது. எனக்கு ஒரு சந்தேகம். கோரம்பள்ளம் வரைக்கும் போற எங்க கால்ல தலைமதகுல எவ்வளவு விடுதாங்க, எங்க மடைக்கு எவ்வளவு வருதுனு நாங்களே அளக்க முடியுமா? ஆபீஸ்ல கேட்டா ஒரு நம்பர் சொல்லுதாவ, கண்ணுக்கு அவ்வளவு தெரியல. கருவி எல்லாம் வாங்க எங்ககிட்ட காசு இல்ல.

ஓய்வு ஏஇஇ:
அளக்கலாம் அண்ணாச்சி, கருவி வேண்டாம். வாய்க்கால் நேரா ஓடுத எடமாப் பாருங்க, வளைவு, அமலைச்செடி, பாலத் தூண் பக்கத்துல வேண்டாம். இருபது மீட்டர் தூரத்துக்கு ரெண்டு பக்கமும் கரையில குச்சி நட்டு கயிறு கட்டிக்கிடுங்க. தேங்காய் நெத்தோ, பாதி தண்ணி ஊத்துன பாட்டிலோ, மேல் கயித்துக்குக் கொஞ்சம் முன்னாலயே நடுவுல போடுங்க, மேல் கயித்துலேர்ந்து கீழ் கயிறு வரைக்கும் எத்தன விநாடினு மொபைல்ல பாருங்க. அஞ்சாறு தடவ செய்ங்க, சராசரி எடுங்க. இருபத அந்த விநாடியால வகுத்தா மேல்மட்ட வேகம், அத 0.85ஆல பெருக்குனா மொத்தத் தண்ணியோட சராசரி வேகம் ஏறக்குறைய வந்துரும். மேல ஓடுததவிட அடியில மெதுவாத்தான ஓடும், அதுக்காகத்தான் அந்தப் பெருக்கல்.

பெறகு வாய்க்கால் அகலத்த அளந்து, ஒரு மீட்டருக்கு ஒரு எடத்துல கம்ப விட்டு ஆழம் பாத்து, அகலத்தையும் சராசரி ஆழத்தையும் பெருக்குனா பரப்பு. பரப்ப வேகத்தால பெருக்குனா விநாடிக்கு இத்தன கன மீட்டர். 35.3ஆல பெருக்குனா ஆபீஸ் சொல்லுத கன அடி. ஆள் எறங்குத அளவு தண்ணி இருந்தா மட்டும் எறங்குங்க, வெள்ளத்துல வேண்டவே வேண்டாம்.

கன்னடியன்கால்:
அண்ணாச்சி, பிசானத்துக்குத் தண்ணி தொறந்ததும் நான் வாரேன், ஒரே நாள்ல தலைமதகு கிட்ட ஒரு ஆளு, நடுவுல ஒரு ஆளு, உங்க மடைல ஒரு ஆளுனு அளந்துருவோம். கூட ரெண்டு பயலுவள கூட்டிட்டு வாரேன். என் ப்ராஜெக்டு தலைப்பையும் மாத்திருதேன், சித்தாறு வேண்டாம், வடகால்ல தலைக்கும் கடைக்கும் நடுவுல தண்ணி எங்க கொறையுதுங்கதுதான். கணக்க முடிச்சதும் உங்க ஊருலயே வந்து சொல்லுவேன்.

வடகால் சம்சாரி:
வாங்க தம்பி. மதியச் சோறு எங்க வீட்டுலதான்.

ஓய்வு ஏஇஇ:
ஒரு விஷயம். தொறந்த ஒடனே மூணு எடத்துலயும் அளக்காதீங்க. தலைல விட்ட தண்ணி கடைக்கு வந்து சேர நேரம் ஆகும், நடுவுல உள்ள குளங்க வேற பிடிச்சு வைக்கும். தொறந்து பல நாளாகி மட்டம் ஏறாம எறங்காம நிக்குத நேரமாப் பாத்து அளங்க, அப்பத்தான் கொறையுதது கசிவா, நடுவுல எடுக்கதானு பிரிச்சுச் சொல்ல முடியும். நடுவுல உள்ள ஒவ்வொரு மடையும் தொறந்திருக்கா மூடியிருக்கானு அன்னிக்கே எழுதிக்கிடுங்க, தேதி, மணியோட.